முதலில் இஞ்சி டேப், அப்புறம் பாஸ்போர்ட்

சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்று இரட்டை ரோலர் கோஸ்டர் ஒன்று இருக்கிறது. ஒரு தடத்தில் உட்கார்ந்து போகலாம். இன்னொன்றில் கால்கள் அந்தரத்தில் தொங்க, தலைகீழாகச் சுழற்றி எடுத்துவிடும். இரண்டுக்கும் வாசலில் ஓர் அளவுகோல் நிற்கிறது: 125 செ.மீ. அதற்கு அரை விரற்கடை குறைந்தாலும் பிள்ளை வெளியேதான். நான்கு மணி நேரம் விமானத்தில் வந்தோம், விசாவுக்குப் பணம் கட்டினோம், பிறந்தநாள் பரிசு என்று சொல்லிக் கூட்டிவந்தோம் என்பதெல்லாம் அந்த அளவுகோலின் காதில் விழாது. பக்கத்தில் நிற்கும் ஊழியர் சிரித்த முகத்தோடு தலையசைத்து மறுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் பகல் எப்படிக் கழியும் என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தீம் பார்க் விடுமுறையைத் திட்டமிடும் குடும்பங்கள் பெரும்பாலும் தொடங்கும் கேள்வி, “உள்ளூரா, வெளிநாடா?” என்பது. அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, வீட்டிலேயே சின்னப் பிள்ளை எத்தனை செ.மீ. இருக்கிறது என்பது. இரண்டாவது, வீட்டிலேயே மூத்தவரின் முழங்கால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், ஊர் தானாகவே முடிவாகிவிடும்.

ஆகவே தையல் பெட்டியில் கிடக்கும் இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு, பிள்ளையைச் சுவரோரம் வெறுங்காலில் நிற்கவைத்து அளப்பதிலிருந்து வேலை தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 5 வயது பையனின் நடுத்தர உயரம் சுமார் 110 செ.மீ., 8 வயதில் சுமார் 127 செ.மீ. நம் பிள்ளைகளில் பலர் இதற்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழேதான் இருப்பார்கள். ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வது வழக்கம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு பூங்காக்களின் விதிகளைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும்.

சிங்கப்பூர் யுனிவர்சலில் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ரைடுக்கு 102 செ.மீ. போதும். ஜுராசிக் பகுதியின் வெள்ள ஓட்ட ரைடுக்கு 107. இருட்டுக்குள் பாயும் ‘ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி’க்கு 122. தொங்கும் கோஸ்டருக்கு, மேலே சொன்னபடி, 125. அதாவது ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பூங்காவில் பாதி திறந்திருக்கும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அநேகமாக முழுவதும் திறந்திருக்கும். டிஸ்னி பூங்காக்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் இளகிய மனம் படைத்தவை. அங்கே கணிசமான ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடே கிடையாது. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் இருட்டுக்குள் ஓடும் ஸ்பேஸ் கோஸ்டருக்குக்கூட 102 செ.மீ. இருந்தால் போதும்.

இந்த விதியை ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ, தலைக்கு மேல் குதிரைவால் கொண்டை, “கொஞ்சம் எக்கி நில்லுடா” என்ற கிசுகிசுப்பு. ஆனால் தொடைக்கு மேல் வந்து இறங்கும் கம்பியும் தோளை அழுத்தும் பூட்டும் குறிப்பிட்ட அளவுள்ள உடம்பைப் பிடித்துவைக்கவே செய்யப்பட்டவை. அதைவிடச் சின்ன உடம்பு, இருக்கை கவிழும்போதும் திரும்பும்போதும் நழுவ வழி உண்டு. எந்த நாடானாலும், உயரம் அளக்காமல் ஏற்றிவிடும் ரைடு ஒன்று கண்ணில் பட்டால், அந்த இடத்தை விட்டு நடையைக் கட்டுவது புத்திசாலித்தனம்.

உயரத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு: டிக்கெட். இங்கே உள்ள ஒண்டர்லா பூங்காக்கள் பிள்ளைகளுக்கான கட்டணத்தை வயதால் அல்ல, உயரத்தால் தீர்மானிக்கின்றன. வெளிநாடுகளில் வயதுதான் கணக்கு. சிங்கப்பூர் யுனிவர்சலில் 4 வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம். டோக்கியோ டிஸ்னியில் சிறுவர் கட்டணம் 4 முதல் 11 வரை. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் 3 முதல் 11. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் பத்தாவது பிறந்தநாள் வந்துவிட்டால் பிள்ளை ‘பெரியவர்’ ஆகிவிடுகிறது. “மூன்று வயசுக்குள்ள போனா டிக்கெட்டே இல்லையே” என்று கைக்குழந்தையோடு கிளம்புவோர் ஒன்றை யோசிக்க வேண்டும். டிக்கெட் இல்லாத பிள்ளைக்கு அந்தப் பயணத்தின் ஞாபகமும் இருக்காது. ஸ்ட்ரோலர் தள்ளிய ஞாபகம் அப்பாவுக்கு மட்டும் இருக்கும்.

*

உள்ளூர் பூங்காக்களைப் பற்றி நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபிக்குப் போய், அசையாமல் நிற்கும் சிலை மனிதனைச் சிரிக்கவைக்கப் பார்த்துவிட்டு, ராட்டினம் சுற்றிவிட்டு, மணலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்த தலைமுறைக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த தலைமுறை யூடியூபில் ஒசாகாவையும் ஒர்லாண்டோவையும் பார்த்து வளர்ந்துவிட்டது.

நிலைமை மாறியதற்கு ஒரு ஸ்டெபிலைசர் கம்பெனி காரணம். 1977-இல் வி-கார்டு நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி, 2000-இல் கொச்சி அருகே ‘வீகாலேண்ட்’ என்ற பூங்காவைத் திறந்தார். 2005-இல் பெங்களூரு மைசூர் சாலையில் ‘ஒண்டர்லா’ வந்தது. பிறகு கொச்சிப் பூங்காவும் அந்தப் பெயருக்கே மாறியது. 2016-இல் ஹைதராபாத், 2024-இல் புவனேஸ்வரம், 2025 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை திருப்போரூர் அருகே இள்ளலூர். சென்னைப் பூங்காவில் 40-க்கு மேற்பட்ட ரைடுகள். அதில் ‘தஞ்சோரா’ என்று பெயரிட்ட தொங்கும் கோஸ்டரைச் செய்தது பொல்லிகர் அண்ட் மாபிலார்ட் என்ற சுவிஸ் நிறுவனம். மும்பை–புனே வழியில் கோபோலியில் உள்ள இமேஜிகாவின் ‘நைட்ரோ’வும் அதே கைவரிசைதான். கோஸ்டர் பைத்தியங்கள் பயபக்தியோடு உச்சரிக்கும் பெயர் அந்த நிறுவனத்தினுடையது. ஆக, வயிற்றைப் புரட்டும் அனுபவத்துக்காக மட்டும் கடல் தாண்ட வேண்டிய தேவை இன்று இல்லை.

உள்ளூர்ப் பூங்காக்களின் உண்மையான பலம் தண்ணீர். ஒரே டிக்கெட்டில் காலையில் ரைடு, மதியத்துக்கு மேல் அலைக்குளம் என்பது நம் வெயிலுக்காகவே அமைந்த ஏற்பாடு. டிஸ்னி, யுனிவர்சல் பூங்காக்களில் தண்ணீர் பூங்கா இருந்தால் அதற்குத் தனி வாசல், தனி டிக்கெட். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டருக்குக் கோவை, ஈரோடு பக்கத்துப் பள்ளிகள் ஆண்டுதோறும் பஸ் பிடித்துப் போவதும் தண்ணீருக்காகத்தான். ஊட்டிக்குப் போகும் வழியில் ஒரு நாளை அங்கே இறக்கிவைப்பது பல குடும்பங்களின் பழக்கம்.

தண்ணீர் என்றதும் துணி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பல குடும்பங்களுக்கு நாளே அங்கேதான் கெடுகிறது. பருத்திச் சுடிதார், சேலை, ஜீன்ஸ் ஆகியவற்றோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். நைலான் அல்லது லைக்ரா உடை வேண்டும். வாசலில் வாங்கினால் விலை அதிகம், வாடகைக்கு எடுக்க மனம் ஒப்பாது. முழுக்கை, முழங்காலுக்குக் கீழ்வரை மூடும் நைலான் உடைகள் ஊரிலேயே கிடைக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அம்மாவுக்கும் சித்திக்கும் சேர்த்து வாங்கிவிட்டால், கரையில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருக்கும் பெண்களின் எண்ணிக்கை குறையும்.

பைக்காவல் என்பது சின்ன விஷயம் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17-இல் கலிஃபோர்னியாவின் ஆனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது அந்தப் பெஞ்சின் விளைவு. எழுபது ஆண்டுகள் கழித்தும் நம் குடும்பங்களில் ஒருவர் பெஞ்சில்தான் இருக்கிறார். லாக்கர் வாடகைக்குச் சில நூறு ரூபாய் போனாலும், அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காமல் இருப்பதே உத்தமம்.

*

அப்படியானால் வெளிநாட்டில் என்னதான் கூடுதல்? கதை.

டிஸ்னியும் யுனிவர்சலும் ரைடு கம்பெனிகள் அல்ல, சினிமா கம்பெனிகள். அவர்கள் விற்பது வேகத்தை அல்ல. திரையில் பார்த்த ஊருக்குள் நடந்துபோகும் சுகத்தை. சிங்கப்பூரில் 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்டுக்குள் நுழையும் பிள்ளைக்கு அது ஒரு தெரு அல்ல, ஏற்கெனவே குடியிருந்த வீடு. ஹாங்காங்கில் 2023 நவம்பரில் வந்த ‘ஃப்ரோஸன்’ உலகமும், ஒசாகாவில் 2021-இல் வந்த சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டும் அப்படியே. இதிலிருந்து ஒரு எளிய சோதனை கிடைக்கிறது: அந்தப் படத்தைப் பார்க்காத, அந்த விளையாட்டை ஆடாத பிள்ளைக்கு அந்தப் பூங்கா வெறும் சிமெண்ட். மரியோ யாரென்று தெரியாத பையனை ஒசாகாவுக்குக் கூட்டிப்போவது, ராமாயணம் தெரியாதவரைத் தெருக்கூத்துக்கு அழைத்துப்போய் விடிய விடிய உட்காரவைப்பது போன்றது. கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே வார இறுதிகளில் அந்தப் படங்களைப் போட்டுக்காட்டுவது பயண ஏற்பாட்டில் சேர்த்திதான். விசாவுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

இன்னொரு வித்தியாசம் நேரம். நம் ஊர்ப் பூங்காக்கள் பலவும் பதினொரு மணி சுமாருக்குத் திறந்து மாலை ஆறேழு மணிக்குள் கடையைக் கட்டிவிடும். டோக்கியோ டிஸ்னிலேண்ட் பெரும்பாலான நாள்களில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை. அணிவகுப்பும் இரவுக் காட்சியும் முடிந்த பிறகுதான் வீடு திரும்ப மனம் வரும். டிக்கெட் விலையை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் வெளிநாட்டு விலை அவ்வளவு பயமுறுத்தாது. பயமுறுத்த வேண்டியது வேறொன்று.

*

கணக்குக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். திருச்சி தில்லைநகரில் அப்பா, அம்மா, 9 வயது மகள், 5 வயது மகன், 66 வயதுப் பாட்டி. மகளின் உயரம் 130 செ.மீ., மகனுடையது 108. பாட்டிக்கு மலைக்கோட்டையில் ஏறும்போது மாணிக்க விநாயகர் சன்னதியோடு சரி, உச்சிப் பிள்ளையாருக்குக் கீழிருந்தே கும்பிடு.

இவர்கள் ரயிலில் பெங்களூரு போய், இரண்டு இரவு தங்கி, ஒரு நாள் ஒண்டர்லா பார்த்துத் திரும்பினால் உத்தேசமாக முப்பதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் ஆகும். டிக்கெட் ஒருவருக்கு ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் என்று வைத்தால், மொத்தச் செலவில் அது சுமார் ஐந்தில் ஒரு பங்கு. இதே ஐவர் சிங்கப்பூருக்குப் போய் நான்கு இரவு தங்கினால், விமானக் கட்டணத்தைப் பொறுத்து இரண்டரை லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை இழுக்கும். யுனிவர்சலில் பெரியவருக்கு ஒரு நாள் டிக்கெட் 80 சிங்கப்பூர் டாலருக்கு மேல். ஐந்து பேருக்கும் சேர்த்தால் நம் பணத்தில் முப்பதாயிரத்தை ஒட்டி வரலாம், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் விமானமும் அறையும் சாப்பாடும்.

இந்த விகிதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. உள்ளூரில் டிக்கெட் தள்ளுபடி தேடுவதற்குப் பலன் உண்டு: முன்பதிவு, வாரநாள், மழைக்காலச் சலுகை, பள்ளி அடையாள அட்டை. வெளிநாட்டில் டிக்கெட்டில் ஐந்து டாலர் குறைக்க ஒரு வாரம் மெனக்கெடுவது வீண். அங்கே மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் விமானத் தேதி, அறை. ஐந்து பேருக்குச் சிங்கப்பூர் ஹோட்டல்கள் ஒரே அறை தருவது அரிது. இரண்டு அறை என்றதுமே பட்ஜெட் வேறு மாதிரி ஆகிவிடும். சிங்கப்பூரில் சித்தப்பா வீடு இருக்கும் குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தில் அப்படியொரு சித்தப்பா கிடைப்பது அபூர்வமும் அல்ல. (அவரை யுனிவர்சலுக்கும் கூடவே வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது நல்லது. ஊரிலிருந்து விருந்தாளி வரும்போதெல்லாம் அவர் அங்கே போயிருப்பார்.)

ஹோட்டலில் தங்குவோருக்கு ஒரு வழி இருக்கிறது. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பகுதியில் அறை எடுத்தால், ஊதா நிற வடகிழக்கு ரயில் பாதையில் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், அல்லது செலவில்லாமல் கடல்மேல் நடைபாதை. காலையில் இட்லி, இரவில் தோசை, நடுவே யுனிவர்சல். ரயில் நிலையங்களில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளும் அறிவிப்புகளும் இருப்பதால் பாட்டிக்கும் தைரியம் வரும். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குச் சிங்கப்பூர் ஏற்றது என்று சொல்வதற்கு ரோலர் கோஸ்டரைவிட இதுதான் வலுவான காரணம்.

கையில் இரண்டு லட்சத்துக்கு மேல் இல்லை என்றால் மலேசியாவைப் பார்க்கலாம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் அனுமதி; இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் வருகை அட்டையை மட்டும் நிரப்பினால் போதும். திருச்சியிலிருந்தே கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் பறக்கின்றன. கெந்திங் மலையில் 2022-இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ், சுமார் 6,000 அடி உயரத்தில் குளிர்காற்றோடு இருக்கிறது. போகும் வழியில் பத்து மலை. 140 அடி முருகனைப் பாட்டி அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுக்கொள்ளலாம். 272 படியும் ஏறித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கோலாலம்பூரை ஒட்டியே சன்வே லகூன் தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகவே அமைந்த லெகோலேண்ட், ஜொகூரில், சிங்கப்பூர் எல்லையை ஒட்டி 2012-இல் வந்தது. ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த வட்டாரத்தில் அதற்கு இணை இல்லை. சிங்கப்பூரில் தங்கிக்கொண்டு ஒரு நாள் அங்கே போய்வர நினைப்பவர்கள், சிங்கப்பூர் விசாவில் பலமுறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பாலத்தைத் தாண்ட வேண்டும்.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் அளவில் சின்னது; அதுவே அதன் நல்ல குணம். இரண்டு பிள்ளைகளோடு ஒரே நாளில் மூச்சு வாங்காமல் பார்த்துவிடலாம். இந்தியர்கள் இணையத்தில் இலவசமாக முன்பதிவு செய்துகொண்டால் 14 நாள் தங்க விசா தேவையில்லை. பூங்காவுக்குள் இந்திய உணவும் கிடைக்கும். ஜப்பான் வேறு ரகம். டோக்கியோ டிஸ்னிலேண்ட் இருப்பது டோக்கியோவில் அல்ல, பக்கத்துச் சிபா மாநிலத்தின் உராயசுவில். 2001-இல் திறந்த டிஸ்னிசீ போன்ற ஒன்று உலகில் வேறெங்கும் கிடையாது. டிக்கெட் நாளுக்கு நாள் மாறி 7,900 யென்னுக்கும் 10,900 யென்னுக்கும் இடையில் ஏறி இறங்கும், ஆனால் அமெரிக்க டிஸ்னி விலையோடு ஒப்பிட்டால் அது மலிவு. இடிப்பது சாப்பாடு. சுத்த சைவர்களுக்கு அங்கே சோதனைதான்; காய்கறிக் குழம்பு மாதிரித் தெரிவதிலும் மீன் சாறோ இறைச்சிச் சாறோ இருக்கக்கூடும். அமெரிக்கா பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. தீம் பார்க்குக்காக மட்டும் யாரும் ஒர்லாண்டோ போகத் தேவையில்லை. அங்கே மகனோ மகளோ இருந்து எப்படியும் போவதாக இருந்தால், நாலு நாளாவது ஒதுக்க வேண்டும். ஒரு நாள் டிக்கெட்டே 100 டாலருக்கு மேல், கூட்ட நாள்களில் 200-ஐ ஒட்டி.

அபுதாபியின் யாஸ் தீவுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு: கூரை. ஃபெராரி வேர்ல்ட், வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட், 2023-இல் வந்த சீவேர்ல்ட் ஆகியவற்றின் பெரும்பகுதி குளிரூட்டிய கட்டடத்துக்குள் இருப்பதால், நம் மே மாத விடுமுறையிலும் போகலாம். மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் பாயும் ‘ஃபார்முலா ரோசா’ வெளியே பாலைவனக் காற்றில் ஓடுகிறது. அதே தீவில் ஒரு டிஸ்னி பூங்கா வரப்போவதாக 2025 மே மாதம் அறிவித்திருக்கிறார்கள்.

*

தேதி. நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து டிக்கெட் போடுவது எல்லாரும் செய்யும் பிழை. எதிரே இருக்கும் ஊரின் விடுமுறையையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் பள்ளிகளின் நடுவாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் கடைசிவரை ஓடும். ஆகவே தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு மே முதல் மூன்று வாரங்கள்தான் நல்ல காலம்: இங்கே விடுமுறை, அங்கே பள்ளி. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம்வரை ஜப்பானில் ‘கோல்டன் வீக்’. அந்த நாள்களில் டோக்கியோவையும் ஒசாகாவையும் நினைக்கவே கூடாது. நம் காலாண்டு விடுமுறையில் ஹாங்காங் போக நினைப்பவர்களுக்கு அக்டோபர் 1-இல் தொடங்கும் சீனத் தேசிய நாள் வாரம் குறுக்கே நிற்கும்.

சிங்கப்பூரில் மே மாதத்தில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வருவது சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பணம் திரும்ப வராது. ஆகவே காலையில் நுழைந்ததும் கோஸ்டர்களை முடித்துக்கொண்டு, கூரைக்குள் இருக்கும் காட்சிகளை மதியத்துக்கு வைத்துக்கொள்வது அனுபவஸ்தர்கள் செய்வது. உள்ளூரில் இதற்கு நேர்மாறு: கிழக்குக் கடற்கரை வெயிலில் இரும்பு ரைடுகளை மாலைக்குத் தள்ளிவிட்டு, பன்னிரண்டு மணி உச்சிவெயிலில் தண்ணீருக்குள் இருப்பது.

வரிசையைத் தாண்டும் விரைவுச் சீட்டு இங்கும் அங்கும் விற்கிறார்கள். வாரநாளில் அது வீண் செலவு. விடுமுறை நாளில் வெளிநாட்டில் நின்றுகொண்டிருக்கும் குடும்பத்துக்கு, மொத்தச் செலவோடு ஒப்பிட்டால், வாங்குவதில் தவறில்லை. டிஸ்னி பூங்காக்களில் காசில்லாத வசதி ஒன்று உண்டு: உயரம் போதாத பிள்ளையோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் ரைடு முடித்து வந்ததும், மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் இவர் போகலாம். ‘ரைடர் ஸ்விட்ச்’ என்று கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

புளியோதரை மூட்டை பெரும்பாலும் உள்ளே போகாது. ஒண்டர்லாவிலும் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை, யுனிவர்சலிலும் இல்லை. கைக்குழந்தை உணவுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் பொதுவாக விலக்கு உண்டு.

பாட்டியை மறந்துவிடவில்லை. மூன்று தலைமுறை சேர்ந்து போகும் பயணத்துக்கு, இந்தியாவில் ஒரே ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஹைதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டி. ரைடுகளுக்காக அல்ல, பஸ்ஸுக்காக. உட்கார்ந்தபடியே அரண்மனைகள், தெருக்கள், ரயில் நிலையம் எல்லாம் நகர்ந்து வரும். ‘பாகுபலி’ அரங்குகளுக்கு முன்னால் பாட்டியும் பேரனும் ஒரே படத்தைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இந்த அம்சத்தில் வெளிநாட்டுப் பூங்காக்கள் பின்தங்கித்தான் நிற்கின்றன. பெரிய பூங்காவில் ஒரு நாளில் பத்துக் கி.மீ. வரை நடப்பது சாதாரணம். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், அதில் உட்கார நம் பெரியவர்கள் சம்மதிப்பார்களா என்பது வேறு கேள்வி.

*

இனி தில்லைநகர்க் குடும்பத்துக்குத் திரும்பினால், அவர்களுக்கான விடை ஏறக்குறைய டேப்பிலேயே எழுதியிருக்கிறது. மகன் 108 செ.மீ. மம்மி ரைடுக்கு இன்னும் 14 செ.மீ. வேண்டும்; ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. என்றால் இரண்டரை ஆண்டு. அப்போது மகளுக்குப் பதினொன்றரை வயது, யுனிவர்சலில் சிறுவர் கட்டணத்துக்குள்ளேயே இருப்பாள். இளையவன் 122-ஐத் தாண்டியும் மூத்தவள் 13-ஐத் தொடாமலும் இருக்கும் அந்த ஒன்றரை ஆண்டுதான் இந்தக் குடும்பத்துக்குச் சிங்கப்பூர்க் காலம். ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படியொரு காலம் இருக்கும். பிள்ளைகளின் வயது இடைவெளி ஐந்து, ஐந்தரை ஆண்டைத் தாண்டினால் அந்த ஜன்னல் திறக்காமலேயே போகலாம். அந்த வீடுகள் டிஸ்னியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அதுவரை அவர்களுக்கு இள்ளலூர் போதும், காலாண்டுத் தேர்வு முடிந்த வாரநாளில். மகள் தன் உயரத்துக்கு எட்டிய ரைடுகளில் அப்பாவோடு. மகன் அலைக்குளத்தில் அம்மாவோடு. பாட்டி நிழலில், ஆனால் பைகள் லாக்கரில்.

பாஸ்போர்ட்டுக்கும் இப்போதே ஓட வேண்டியதில்லை. பெரியவர்களுடையது பத்து ஆண்டு செல்லும், கட்டணம் 1,500 ரூபாய். பிள்ளைகளுடையது 1,000 ரூபாய், ஆனால் ஐந்தே ஆண்டு. இன்று எடுத்தால் பாதிக்காலம் பீரோவில் தூங்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு விண்ணப்பித்தால் சரியாக இருக்கும்; எட்டு வயதுக்குள் என்பதால் மகனுக்குக் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடியும் கிடைக்கும், அறுபதைத் தாண்டிய பாட்டிக்கும் அதே தள்ளுபடி. பெரியவர்களின் பழைய பாஸ்போர்ட்டுகளில் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். ஏஜென்ட் மூலம் தொகுப்புச் சுற்றுலாவாகப் போனால் டிசிஎஸ் என்று ஒரு வரியைக் கூடவே பிடிப்பார்கள். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்தால் வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். டிக்கெட் பதிவு செய்யும் நாளன்று காலையில் மகனை மறுபடியும் சுவரோரம் நிற்கவைத்து, வெறுங்காலில், ஒருமுறை அளந்துகொள்ள வேண்டும்.